பெரிடோனியல் டயாலிசிஸ்: குடலை இறுக்கும் அரிய பாதிப்பு

சிறுநீரகங்கள் செயலிழந்தவர்கள் வீட்டிலிருந்தபடியே செய்துகொள்ளக்கூடிய பெரிடோனியல் டயாலிசிஸ் சிகிச்சை, உலகெங்கும் லட்சக்கணக்கானோரின் உயிரைக் காத்து வருகிறது. ஆனால் நீண்ட காலம் இதனைச் செய்துகொள்பவர்களில் வெகு சிலருக்கு ஏற்படும் ஆபத்தான பாதிப்பு ஒன்று, மருத்துவ ஆய்வாளர்களுக்கு இன்னமும் சவாலாகவே இருக்கிறது.

வயிற்றின் உட்புறத்தையும் குடலையும் போர்த்தியிருக்கும் பெரிடோனியம் என்ற மெல்லிய சவ்வே இச்சிகிச்சையில் வடிகட்டியாகப் பயன்படுகிறது. குழாய் வழியே வயிற்றுக்குள் செலுத்தப்படும் திரவத்திலுள்ள குளுக்கோஸ், உடலில் மிகுந்துள்ள நீரை ஈர்க்கிறது. கழிவுகளும் அத்திரவத்தில் கலந்து வெளியேறுகின்றன.

குளுக்கோஸ் கரைசல் ஆண்டுக்கணக்கில் படுவதாலும், கிருமித் தொற்றுகளாலும் இச்சவ்வு தடித்துப்போகிறது. அரிதாகச் சிலருக்கு, அது பட்டுப்புழுக் கூட்டைப் போலக் குடலைச் சுற்றி இறுக்கிவிடுகிறது. வாந்தி, வயிற்று வலி, உடல் மெலிவு, குடலடைப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். உணவு உட்கொள்ள முடியாமல் நலிந்து பலர் இறக்கவும் நேரிடுகிறது.

ஜப்பானில் 1958 நோயாளிகளைக் கண்காணித்து 2004ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆய்வில், 2.5 சதவீதத்தினருக்கு இப்பாதிப்பு கண்டறியப்பட்டது. முதல் மூன்று ஆண்டுகளில் யாருக்கும் இது ஏற்படவில்லை. பதினைந்து ஆண்டுகளைக் கடந்தவர்களிடையே இது 17.2 சதவீதமாக இருந்தது.

இவர்களில் பெரும்பாலானோருக்கு, சிகிச்சையை நிறுத்திய பின்னரே நோய் வெளிப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களிடமும் இது காணப்பட்டுள்ளது. திரவம் நின்றுபோவதால், அதுவரை கழுவி வெளியேற்றப்பட்ட புரதப் பொருட்கள் வயிற்றிலேயே படிவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

எந்த ஒரு மருத்துவமனையிலும் சில நோயாளிகளே காணப்படுவதால், மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் பெரிய பரிசோதனைகளை நடத்துவது கடினம். ஸ்டீராய்டு, டமாக்ஸிபென் ஆகிய மருந்துகள் தரப்பட்டாலும், அவற்றின் பலன் குறித்து உறுதியான சான்றுகள் இல்லை. குடலைச் சுற்றியுள்ள உறையை அகற்றும் அறுவை சிகிச்சை, ஜப்பானின் ஹிரோஷிமா, பிரிட்டனின் மான்செஸ்டர், கேம்பிரிட்ஜ் போன்ற அனுபவம் வாய்ந்த மையங்களில் செய்யப்பட்டு வந்துள்ளது.

அப்படியானால், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் இச்சிகிச்சையைக் கைவிட வேண்டுமா? அனைவருக்கும் பொருந்தும் கால வரம்பை விதிக்க இயலாது என்பதே சர்வதேச பெரிடோனியல் டயாலிசிஸ் சங்கத்தின் நிலைப்பாடு. நோயாளியின் வயது, மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வாய்ப்பு, சவ்வின் நிலை ஆகியவற்றைப் பொறுத்தே முடிவெடுக்க வேண்டும்.

சிகிச்சையை நிறுத்திப் பல மாதங்கள் கழிந்த பின்னர் வயிற்றுக் கோளாறுகள் தோன்றினாலும், முன்பு பெரிடோனியல் டயாலிசிஸ் செய்துகொண்டதை மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியமாகிறது.