குழி தோண்டும் முன் ஒரு நடை

“சார், இங்க குழி தோண்டுனா ஆடு எங்க மேயும்?”

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கரிசலும் செவலும் கலந்து கிடக்கும் ஒரு சிற்றூரில் இருக்கிறது எங்கள் நடுநிலைப் பள்ளி. 2023 ஜூலையில், ஊருக்கு வெளியே உள்ள மேய்க்கால் புறம்போக்கில் மரக்கன்று நட மாணவர்களை அழைத்துப் போயிருந்தேன். “ஆடு வேற எங்கயாவது மேயும்மா, நீ குழியத் தோண்டு” என்றேன். அவள் மறுபேச்சின்றித் தோண்டினாள்.

நாற்பது கன்றுகள் நட்டோம். ஆடிக்காற்று அடித்த அடியில் பாதி சாய்ந்தன. ஐப்பசி மழை வருவதற்குள் மீதியும் காய்ந்தன. ஓடையோரம் இடமில்லாமல் கடைசியாக நட்ட ஆறு கன்றுகள் மட்டும் பிழைத்தன. தண்ணீர் ஊற்றாததுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாணவியின் தாத்தா ஆடு மேய்ப்பவர். ஒருநாள் வழியில் பார்த்தபோது அவர் சொன்னார்: “அது தரிசு இல்ல சார், மேய்ச்சக்காடு. புல்லுக்கு உள்ள எடம்.”

நான் பாடம் நடத்தும் நிலப்படத்தில் அந்த இடத்துக்கு நானே எழுதியிருந்த பெயர் ‘தரிசு’. யார் சொல்வது சரி? நடந்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம்.

மூன்று நிலம், ஒரு காலை

2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. தலைமையாசிரியர், பெற்றோர் அனுமதியுடன் இருபது மாணவர்கள், உடன் அந்தத் தாத்தா. முந்தைய மாதம் தென்மாவட்டங்களில் பெய்த பெருமழையில் புல்லெல்லாம் கதிர் தள்ளி நின்றது. மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரிந்தது. 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அந்த மலைச்சரிவுகளில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை அந்த மலையே வாங்கிக்கொள்கிறது. நமக்கு மிஞ்சுவது காற்று. நம் மழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து வர வேண்டும். ஜூலையில் கன்று நட்டது எங்கள் முதல் தவறு என்பது நடக்கத் தொடங்கிய இடத்திலேயே புரிந்துவிட்டது.

முதலில் கரிசல். பிறகு லேசாக மேடேறிச் செவல். அதில்தான் மேய்ச்சல்காடு. அதைத் தாண்டினால் ஓடை. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் மூன்று வகை நிலம். ‘மண் வகைகள்’ பாடத்தை நான் இத்தனை ஆண்டுகள் படத்தைக் காட்டி நடத்தியிருக்கிறேன்.

பொங்கிய கல், பொங்காத சாக்பீஸ்

கரிசலை ஓடை அறுத்துச் சென்ற இடத்தில், மண்ணுக்குள்ளிருந்து வெளுத்த உருண்டைகள் எட்டிப் பார்த்தன. சுக்கான்கல். ஒரு மாணவன் அதன்மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தான். நுரைத்துப் பொங்கியது. கையோடு கொண்டுபோன சாக்பீஸில் பிழிந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

காரணம் எளியது. சுக்கான்கல்லில் இருப்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கார்பன்-டை-ஆக்சைடு வெளியேறும். நாங்கள் கொண்டுபோன சாக்பீஸோ ஜிப்சத்தால், அதாவது கால்சியம் சல்பேட்டால் ஆனது. சில வகைச் சாக்பீஸ்கள் கால்சியம் கார்பனேட்டிலும் செய்யப்படுகின்றன. அவை பொங்கும். உங்கள் பள்ளிச் சாக்பீஸ் எந்த வகை என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

சுக்கான்கல் உருவாகும் விதமும் நம் தட்பவெப்பத்தைச் சொல்லும். மழைநீர் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோகிறது. மழை அதிகமுள்ள ஊரில் அது கரைந்தே போய்விடும். இங்கே மழை குறைவு, வெயில் அதிகம். நீர் ஆவியாகிவிட, சுண்ணாம்பு அங்கேயே உறைந்து கல்லாகிறது. சிமெண்ட் வருவதற்கு முன் இந்தக் கல்லைச் சுட்டுத்தான் பல ஊர்களில் கட்டடத்துக்குச் சுண்ணாம்பு எடுத்தார்கள்.

‘சாக்’ என்ற சொல் முதலில் குறித்தது வெண்மையான ஒரு சுண்ணாம்புப் பாறையை. தென் இங்கிலாந்தில் அது குன்று குன்றாக இருக்கிறது. கிரெட்டேசியஸ் காலக் கடலில் வாழ்ந்த நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவான பாறை. அதே கிரெட்டேசியஸ் காலத்தில் நம் அரியலூர்ப் பகுதியிலும் கடல் இருந்தது. அங்கே இன்றும் ஆமோனைட் முதலிய கடலுயிரிகளின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன.

அந்த இங்கிலாந்துக் குன்றுகளில் மண் மெல்லியது, சத்துக் குறைந்தது. ஆனால் அங்குள்ள புல்வெளியில் ஒரு சதுர மீட்டரில் 40 வகைச் செடிகள் வரை காணப்படுகின்றன. மண் வளமாக இருந்தால் வேகமாக வளரும் ஒன்றிரண்டு செடிகள் மற்றவற்றை அமுக்கிவிடும். சத்துக் குறைந்த மண்ணில் எதற்கும் அந்தப் பலம் இல்லை. பல நூற்றாண்டுகளாக ஆடுகள் மேய்ந்து எல்லாவற்றையும் குட்டையாகவே வைத்திருக்கின்றன. ஆகவே எல்லாச் செடிக்கும் வெயில் கிடைக்கிறது. மேய்ச்சல் நின்ற இடங்களில் புதர் மண்டிப் புல்வெளி அழிந்தது. இப்போது அங்கே புதரை வெட்டி, ஆடுமாடுகளை மீண்டும் மேயவிட்டு அதை மீட்கிறார்கள். மரம் நடுவது மட்டுமே மீட்பு என்று எண்ணியிருந்த எனக்கு இது புதிய பாடம்.

நான்கு குச்சிகளும் ஒரு கயிறும்

மேய்ச்சல்காட்டில் நான்கு குச்சிகளை ஊன்றி, கயிறு கட்டி, ஒரு சதுர மீட்டரை அளந்தோம். அதற்குள் எத்தனை வகைச் செடி என்று எண்ணச் சொன்னேன். எனக்குத் தெரிந்தவை அருகம்புல், நெருஞ்சி, தும்பை. தாத்தாவும் பேத்தியும் சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டது. கொழுக்கட்டைப்புல், கொழிஞ்சி, துத்தி... இரண்டு கை விரல்களும் தீர்ந்தன.

கொழிஞ்சி ஒன்றை வேரோடு எடுத்துப் பார்த்தோம். வேரில் சிறு உருண்டைகள். அவற்றில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கின்றன. புல்லின் குருத்து தரையை ஒட்டியே இருப்பதால் ஆடு கடித்த பிறகும் அது துளிர்க்கும். புல்வெளி சேமிக்கும் கார்பனில் பெரும்பகுதி மண்ணுக்குள், வேரில் இருக்கிறது. அதனால்தான் அது வெறுமையாகத் தெரிகிறது.

அங்கங்கே குடை விரித்தாற்போல் உடைமரம் நின்றது. ஆவாரம் மஞ்சளாகப் பூத்திருந்தது. ஓர் ஆள்காட்டிக் குருவி எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே பறந்தது. ஆள்காட்டியும் வானம்பாடியும் தரையில்தான் முட்டையிடும். திறந்த வெளிதான் அவற்றுக்குப் பாதுகாப்பு. மரங்கள் நெருங்கினால் அவற்றில் காகம் வந்து உட்காரும். தரையில் கிடக்கும் முட்டைக்கு அது எமன்.

இந்த வெளி நேற்று மரம் வெட்டியதால் வந்ததல்ல என்பதற்கு நம் மொழியே சான்று. ‘வெளிமான்’ என்ற பெயரைப் பாருங்கள். வெளியில் வாழும் மான். அதற்காகத்தான் 1987-இல் வல்லநாட்டில் சரணாலயம் அமைத்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்துச் சிப்பிப்பாறை நாய், மோப்பத்தைவிடக் கண்பார்வையை நம்பி ஓடி வேட்டையாடும் இனம். அடர்ந்த காட்டில் அப்படி ஒரு நாய்க்கு வேலை இல்லை. கன்னி ஆடு இந்த வறண்ட மேய்ச்சலுக்கென்றே பழகிய இனம். சங்கரநாராயணர் கோயிலில் நாம் பிரசாதமாக வாங்கும் புற்றுமண்கூட இந்த நிலத்தின் கதைதான். காய்ந்த புல்லையும் சருகையும் மக்கச் செய்து மண்ணைக் கிளறிவிடுவது கரையான்.

ஓடைக்கரையில் வேறு பாடம்

ஓடைக்கரையில் முன்பு சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு பகுதியை வேரோடு எடுத்தார்கள். வெட்டினால் மட்டும் போதாது, அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும். ஆடுமாடுகள் அதன் நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்பும். நிழலில் வேறு எதையும் எளிதில் எழவிடாது. அதே மரம் கரிமூட்டம் போடும் பல குடும்பங்களுக்குச் சோறும் போடுகிறது. மாணவர்களிடம் இந்த இரண்டு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊடுருவும் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது.

அகற்றிய இடத்தில் வேம்பும் இலந்தையும் வாகையும் தாமாகவே எழுந்திருந்தன. யாரும் நடவில்லை. பறவைகளும் காற்றும் கொண்டுவந்த விதைகள். நாங்கள் நட்ட ஆறு கன்றுகளும் அவற்றோடு நின்றன. இங்கே ஈரம் இருக்கிறது, மண் ஆழமாக இருக்கிறது. இது மரத்துக்கு உள்ள இடம்.

கொடைக்கானல், நீலகிரி மலைகளில் முன்பு புல்வெளிகளை வெற்றிடம் என்று கருதி, சீமை வேல மரமும் தைலமரமும் நட்டார்கள். இன்று அந்த மரங்களை அகற்றிப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள். நான் செய்ததும் அதே தவறுதான், அளவில் சிறியது. பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் இலக்கோடு 2022-இல் தொடங்கியது. அதில் நம் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. எங்கே நடுவது, எங்கே நடாமல் விடுவது என்று மாணவர் அறிந்து நட்டால்தான் அந்தப் பங்கு பயன்படும்.

உங்கள் பள்ளியில் செய்ய

கன்று நடுவதற்கு முன் அந்த இடத்துக்கு இரண்டு முறை நடந்து போங்கள், கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று. காலையிலேயே புறப்படுங்கள். செருப்பும் குடிநீரும் கட்டாயம். புதருக்குள் கைவிடக் கூடாது. மேய்ப்பவர், விவசாயி யாராவது ஒருவர் உடன் வரட்டும்.

ஒரு சதுர மீட்டரில் எண்ணுவது அறிவியலும் கணக்கும் ஆகும். ஐந்து இடங்களில் எண்ணிச் சராசரி காணலாம். செடிகளின் வட்டாரப் பெயர்களைத் தொகுப்பது தமிழ்ப்பாடம். கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியே தொகுத்தார். உங்கள் ஊருக்கு உங்கள் மாணவர்கள் நான்கு பக்கம் தொகுக்கட்டும். முல்லை, பாலை என்ற திணைகளை அங்கே நின்று நடத்திப் பாருங்கள்.

பிறகு மூன்று கேள்விகள். இங்கே இப்போது என்ன வாழ்கிறது? இதை யார் பயன்படுத்துகிறார்கள்? இங்கே சேர்க்க வேண்டியது எது, எடுக்க வேண்டியது எது? விடை கிடைத்த பின் குழி தோண்டலாம்.

அடுத்த முறை நாங்கள் ஐப்பசியில், ஓடைக்கரையில் மட்டுமே நட்டோம். மேய்ச்சல்காட்டில் புதிதாக முளைத்த சீமைக்கருவேல நாற்றுகளை மட்டும் பிடுங்கினோம்.

நடை முடிந்த திங்கட்கிழமை, அந்த மாணவி வகுப்பறைச் சுவரிலிருந்த நிலப்படத்தின் முன் போய் நின்றாள். நான் எழுதியிருந்த ‘தரிசு’ என்ற சொல்லைக் காட்டி, “மாத்தலாமா சார்?” என்று கேட்டாள். பேனாவைக் கொடுத்தேன். ‘மேய்ச்சக்காடு’ என்று எழுதினாள். இலக்கண வழக்குக்கு ‘மேய்ச்சல்காடு’ என்று திருத்தலாம் என்று ஒரு கணம் தோன்றியது. திருத்தவில்லை.