பட்டப் பகலில் ஒரு ராத்திரி

எங்கள் தெருக்கோடியில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. மாலை மயங்கினால் போதும். இலைகளை மடக்கிக் கொண்டு உறங்கப் போய்விடும். தெரு விளக்குப் பளிச்சென்று எரிந்தாலும் சரி, கல்யாண ஊர்வலம் பாண்டு வாத்தியத்துடன் போனாலும் சரி, அதற்குக் கவலை கிடையாது. பொழுது விடிந்ததும் இலைகளை விரித்துத் தெருவுக்கெல்லாம் நிழல் கொடுக்கத் தொடங்கிவிடும்.

"கொடுத்து வைத்த மரம், அத்தை!" என்பாள் என் மருமகள்.

அவள் சொல்வதில் நியாயம் உண்டு. அவள் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் இரண்டு தடவை, ஐந்து நாள் சேர்ந்தாற்போல ராத்திரி டூட்டி வரும். மாலை 7 மணிக்கு டிபன் டப்பாவும் கையுமாகக் கிளம்பினால், மறுநாள் காலை 9 மணிக்குத்தான் வீடு திரும்புவாள்.

"ராத்திரி டூட்டி என்றால் என்ன பிரமாதம்? ராத்திரி விழிக்க வேண்டியது. பகலில் தூங்க வேண்டியது. கணக்குச் சரியாய்ப் போயிற்று!" என்றுதான் நானும் வெகு நாள் நினைத்திருந்தேன். கணக்குச் சரியாகப் போகவில்லை என்பது சென்ற வருஷம் ஒரு நாள் காலையில் தெரிந்தது.

அன்று அவள் வாசற்படியில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. முழங்காலில் ரத்தம், உள்ளங்கையில் சிராய்ப்பு, ஸ்கூட்டரின் விளக்கு உடைந்து தொங்கிக் கொண்டிருந்தது.

"என்னம்மா இது?" என்று பதறினேன்.

"ஒன்றுமில்லை, அத்தை. கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தேன். திறந்தபோது தரையில் கிடந்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் புண்ணியவான். பிரேக் போட்டு நிறுத்திவிட்டார்."

சற்று நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு, "நேற்றுப் பகலில் எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேட்டேன்.

"மூன்று மணி நேரம் இருக்கும்" என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள். ஆனால் முதல் நாள் நடந்ததெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. 10 மணிக்கு அவள் படுத்தாள். 10:30-க்கு காஸ் சிலிண்டர் வந்து வாசல் மணி அடித்தது. 11:30-க்கு நான் மிக்ஸியில் சட்னி அரைத்தேன். 1 மணிக்கு என் ஒன்றுவிட்ட தங்கை வந்தாள். "ஐந்து நிமிஷம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போம்மா. மரியாதையாக இருக்காது" என்று நானே போய் அவளை எழுப்பினேன். வந்தாள், சிரித்தாள், காபி போட்டுக் கொடுத்தாள். அதற்குமேல் தூக்கம் பிடிக்கவில்லை. மாலை 7 மணிக்கு மறுபடியும் டூட்டி.

அந்தக் காலத்துச் சங்கதி

அன்று மத்தியானம் எனக்குச் சாதம் இறங்கவில்லை. பழைய ஞாபகம் ஒன்று வந்து மனத்தை அறுத்தது.

என் கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். அவருக்கும் ராத்திரி டூட்டி உண்டு. அவர் காலையில் வந்து படுத்துவிட்டால், வீட்டில் ஒரு டம்ளர் கீழே விழக் கூடாது. "அப்பா தூங்குகிறார்!" என்று ஒரு சொல் சொன்னால் குழந்தைகள் பூனைபோல நடப்பார்கள். கீரைக்காரியைத் தெரு முனையிலேயே கை காட்டி நிறுத்துவேன். அவரைப் பார்க்க யார் வந்தாலும், "ராத்திரி டூட்டி பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சாயங்காலம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவேன். அதை மரியாதைக் குறைவு என்று ஒருவரும் சொன்னதில்லை.

அவர் தூங்கினால் உழைத்த களைப்பு. மருமகள் தூங்கினால் மட்டும், "பட்டப் பகலில் படுத்துக் கிடக்கிறாளே!" இந்தப் பாகுபாட்டை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வேறு யாரையும் பழி சொல்ல முடியவில்லை. காவல் இருந்தவளும் நான்தான், எழுப்பினவளும் நான்தான்.

உள்ளே ஒரு கடிகாரம்

மாலையில் அவளுக்குக் கட்டுப் போட்ட டாக்டரம்மாளிடம், "பத்து வருஷமாகப் பார்க்கிற வேலைதானே? இன்னுமா உடம்புக்குப் பழகவில்லை?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். பிறகு நானும் படித்துத் தெரிந்து கொண்டேன்.

நம் மூளையின் அடிப்பாகத்தில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சின்னஞ்சிறு பகுதி ஒன்று இருக்கிறது. அதுதான் தேகத்தின் கடிகாரம். கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு தினமும் தன் முள்ளைச் சரி செய்து கொள்ளும். எப்போது தூக்கம் வரவேண்டும், எப்போது பசிக்க வேண்டும், எப்போது உடம்பின் சூடு குறைய வேண்டும் என்பதெல்லாம் அதன் உத்தரவு. விடியற்காலை 3 மணி முதல் 5 மணி வரை உடம்பு மிகவும் ஓய்ந்து கிடக்கும் நேரம். நர்ஸுகள் ஊசி மருந்தை அளந்து எடுப்பதும் அந்த நேரத்தில்தான்!

இந்த விஷயத்தை முதலில் காட்டிக் கொடுத்ததும் ஒரு செடிதான். 1729-ல் பிரான்ஸ் தேசத்து விஞ்ஞானி டி மைரான் என்பவர், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் கொண்டுபோய் வைத்தார். வெயிலே படாவிட்டாலும் பகல் வேளையில் அதன் இலைகள் விரிந்தன. இரவு வேளையில் மடங்கின. கடிகாரம் வெளியே இல்லை, உள்ளேயே இருக்கிறது என்பதற்கு அது முதல் சாட்சி. அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்து ஆராய்ந்து கண்ட ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, இந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்க முடியாதா? முடியும். ஆனால் அவசரப்படுத்தினால் நடக்காது. ஏறக்குறைய நாளைக்கு ஒரு மணி நேரம்தான் நகரும். ராத்திரி டூட்டி முடிந்து வருகிறவர் கண்ணில் காலை வெயில் படுகிறதே, அது "எழுந்திரு, விடிந்துவிட்டது!" என்று சொல்லி முள்ளைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். அதற்குள் விடுமுறையும் வந்துவிடும். ஆகையால் எத்தனை வருஷம் வேலை செய்தாலும் பெரும்பாலோருக்கு இது முழுக்கப் பழகுவதில்லை. படுத்தாலும் பகல் தூக்கம் சீக்கிரமே கலைந்துவிடும். இது மனத்திடத்தைப் பொறுத்த விஷயமே அல்ல.

இன்னொரு சங்கதி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவர்களுக்குக் கையும் கண்ணும் ஒத்துழைக்கிறதா என்று ஆஸ்திரேலியாவில் பரீட்சை வைத்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவர்களுக்கு எப்படித் தடுமாறுமோ, அப்படித் தடுமாறியதாம். 1997-ல் வெளியான ஆராய்ச்சி இது. நம் நாட்டுச் சட்டப்படி 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். முதல் நாள் 1 மணிக்கு நான் எழுப்பின பெண், மறுநாள் காலை 9 மணிக்கு ஸ்கூட்டர் ஓட்டி வந்தாள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மணி நேரம்!

சட்டமும் வீடும்

1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், பொதுவாக மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை தொழிற்சாலைகளில் பெண்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. பெண்களுக்கு மட்டும் அப்படித் தடை போடுவது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. இரவில் வேலைக்கு வரும் பெண்களின் பாதுகாப்புக்குப் பல நிபந்தனைகளையும் விதித்தது. 2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் தொகுப்பும், பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பும் இருந்தால் இரவு வேலை தரலாம் என்கிறது. நர்ஸுகளோ, இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முன்பிருந்தே ராக்கண் விழித்து வருகிறவர்கள்.

போக வர வண்டி வேண்டும், காவல் வேண்டும் என்று சட்டம் சொல்லலாம். பகல் 12 மணிக்கு மிக்ஸியை ஓட்டாதே என்று எந்தச் சட்டம் சொல்லும்? அதை வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்லிக் கொள்ள வேண்டும்.

நாங்கள் செய்த மாறுதல்கள்

சொல்லிக் கொண்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை என் பிள்ளை, பேரன், நான் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். உங்கள் வீட்டிலும் ராத்திரி டூட்டி பார்ப்பவர்கள் இருந்தால் இவை உபயோகப்படலாம்.

முதலாவது, இருட்டு. பின்கட்டு அறையை அவளுக்கு ஒதுக்கினோம். ஜன்னலுக்குத் திரை போதவில்லை. பெட்டியில் கிடந்த பழைய ஜமக்காளத்தை இரட்டையாக மடித்துத் தொங்கவிட்டேன். பட்டப் பகலில் கை தெரியாத இருட்டு! மின்விசிறியின் ஓசை வெளிச் சத்தத்தை ஓரளவு மறைத்துவிடுகிறது. கைப்பேசி கூடத்தில் என் பொறுப்பில் இருக்கும்.

இரண்டாவது, சத்தம். அரைப்பது, குக்கர் வைப்பது எல்லாம் 9 மணிக்குள் முடிந்துவிடும். வாசல் மணியை நிறுத்திவிடுவோம். பேரனின் பழைய சிலேட்டு ஒன்றைக் கதவில் மாட்டினோம். "இப்போது தூங்குகிறார்கள்" என்று எழுதச் சொன்னேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பயல், தானாக யோசித்து, "அம்மாவுக்கு இப்போது ராத்திரி. மெதுவாகப் பேசவும்" என்று எழுதிவிட்டான். என் அத்தனை படிப்புக்கும் அவன் ஒரே வரியில் அர்த்தம் சொல்லிவிட்டான்!

மூன்றாவது, காபி. காலையில் அவள் வந்து நின்றதும் கும்மென்று டிகாக்ஷன் காபி கொடுப்பது என் வழக்கம். அன்பு என்று நினைத்துத்தான் கொடுத்தேன். குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் காபியின் சத்தில் ஏறக்குறையப் பாதி உடம்பில் தங்கியிருக்குமாம்! இப்போது டூட்டியின் ஆரம்பத்தில் ஒரு காபி. நள்ளிரவுக்கு மேல் கிடையாது. காலையில் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் வெந்நீர், உடனே படுக்கை.

நான்காவது, சாப்பாடு. வயிறார உண்பது கிளம்புவதற்கு முன்பே. நடுராத்திரியில் ஜீரணம் மந்தம். சாப்பிட்டதன் சர்க்கரையும் ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும். ஆகவே கொஞ்சம் மோர் சாதம், சுண்டல், ஒரு வாழைப்பழம் என்று கட்டிக் கொடுக்கிறேன்.

ஐந்தாவது, குட்டித் தூக்கம். முதல் நாள் டூட்டிக்கு முன் மத்தியானமே ஒன்றரை மணி நேரம் படுத்து எழுகிறாள். டூட்டியில் ஓய்வு கிடைக்கும்போது மேலதிகாரியின் அனுமதியுடன் 20 நிமிஷம் கண் அயர்கிறாள். கடைசி டூட்டி முடிந்த அன்று மத்தியானம் வரை மட்டும் தூங்கிவிட்டு, அன்றிரவு எல்லோரோடும் சீக்கிரமே படுத்துவிடுகிறாள்.

ஆறாவது, பிரயாணம். ராத்திரி டூட்டி நாட்களில் ஸ்கூட்டருக்கு விடுமுறை. பஸ் அல்லது ஆட்டோ. அவற்றில் வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக் கொள்கிறாள், காலை வெயில் கண்ணில் படாதிருக்க.

ஏழாவது, என் பிள்ளை. பேரனைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்வது இப்போது அவன் பொறுப்பு. முதல் வாரம் உப்புமாவில் இரண்டு தரம் உப்புப் போட்டான். பேரன் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தான். இப்போது தேறிவிட்டான்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. பல வருஷம் தொடர்ந்து இரவு வேலை செய்வதால் தேக ஆரோக்கியம் கெடலாம். உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2007-லும், மறுபடி 2019-லும், இரவு வேலை அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடியது என்று வகைப்படுத்தியிருக்கிறது. ராத்திரி டூட்டி பார்ப்பவர்களுக்கெல்லாம் நோய் வந்துவிடும் என்று இதற்குப் பொருள் அல்ல, பயப்படவும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தரம் உடம்பைப் பரிசோதித்துக் கொள்வது நல்லது. கர்ப்பிணிகளும், சர்க்கரை வியாதியும் வலிப்பும் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இரவு வேலை ஏற்கக் கூடாது. தூக்க மாத்திரையும் அப்படியே; டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.

அடுத்த வீட்டு அம்மாள்

இப்போது மருமகள் பகலில் ஆறு மணி நேரம் தூங்குகிறாள். முகத்தில் களை வந்திருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்துக் கொண்டிருந்தாளாம். அதையும் இப்போதுதான் என்னிடம் சொன்னாள்.

போன வாரம் அடுத்த வீட்டு அம்மாள் வந்தார். சிலேட்டைப் படித்துவிட்டு மூக்கின்மேல் விரலை வைத்தார்.

"என்ன அக்கா இது! மணி 12 ஆகிறது. மருமகள் இன்னுமா எழுந்திருக்கவில்லை?"

"ராத்திரி 12 மணிக்கு உங்கள் வீட்டில் யாராவது எழுந்திருப்பார்களா, அம்மா?" என்றேன்.

அவர் சிறிது நேரம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என் பெண்ணுக்கும் கம்பெனியில் அடுத்த மாதத்திலிருந்து ராத்திரி வேலையாம். மாமியார் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயமாக இருக்கிறது" என்றார்.

பெட்டியைத் திறந்து, மிச்சமிருந்த இன்னொரு ஜமக்காளத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.