கறுப்புத் தாய்க்கு மஞ்சள் குட்டி

எங்கள் வீட்டு லாப்ரடார் கருப்பி எட்டுக் குட்டிகள் ஈன்றாள். ஆறு கறுப்பு, இரண்டு மஞ்சள். கருப்பி பெயருக்கேற்ற கறுப்பு. தகப்பன் நாயும் அப்படியே. மேல்மாடிப் பஞ்சாபி நண்பருடையது. ஒரு குட்டி அவருக்கு என்று முன்பே பேச்சு. பார்க்க வந்தவர் முகம் சுருங்கிவிட்டது. "இது தெருநாயின் வேலை, எனக்குக் குட்டியே வேண்டாம்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பதினைந்து வருடப் பழக்கம் ஆட்டம் கண்டது.

தில்லியில் முப்பது வருடம் உயிரியல் சொல்லிக் கொடுத்தவன் நான். காகிதத்தில் நாலு கட்டம் போட்டுக்கொண்டு மாடி ஏறினேன். அவரிடம் விளக்கியதை, நாய் வளர்க்கும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் சொல்கிறேன்.

நாய் ரோமத்தின் நிறமிகள் இரண்டே: ஒன்று கறுப்பு, மற்றது மஞ்சள். பெரும்பாலான மரபணுக்கள் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என இரு பிரதிகளாக இருக்கும். 'இ' என்ற மரபணுவில் ஒரு பிரதி சரியாக வேலை செய்தாலே ரோமத்தில் கறுப்பு ஏறும். இரண்டும் வேலை செய்யாவிட்டால் மஞ்சள்தான். ஆகவே கறுப்பு நாய் ஒன்று, மஞ்சளை வெளியே தெரியாமல் சுமக்கலாம். அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் ஒவ்வொரு குட்டியும் மஞ்சளாக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மெண்டல் 1866இல் பட்டாணிச் செடியை வைத்து வெளியிட்ட அதே கணக்கு. எட்டுக்கு இரண்டு என்று கச்சிதமாக அமைந்தது தற்செயலே.

'பி' என்ற மற்றொரு மரபணு, கறுப்பைச் சாக்லேட் நிறமாக்கும். அதற்கும் இரண்டு பிரதிகளும் மாறியிருக்க வேண்டும். மஞ்சள் நாயில் இதை மூக்கு காட்டிக் கொடுக்கும்: மூக்கு கறுப்பா, பழுப்பா என்று பாருங்கள்.

தெருநாய் தகப்பனாக இருந்தால்? லாப்ரடாரின் கறுப்பு, தெருநாயின் செம்பழுப்பை பெரும்பாலும் அமுக்கிவிடும். குட்டிகள் அநேகமாகக் கறுப்பாகவே பிறந்திருக்கும்! சந்தேகப்பட வேண்டியது வேறிடத்தில்: மஞ்சளும் மஞ்சளும் சேர்ந்து கறுப்புக் குட்டி பிறந்தால்தான்.

ரோமத்தின் வகையும் இப்படித்தான். 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நீளம், சுருட்டை, மீசை இம்மூன்றையும் பெரும்பாலும் மூன்றே மரபணுக்கள் தீர்மானிப்பதாகக் கண்டார்கள். குட்டை ரோமத் தாய்தந்தையருக்கு நீள ரோமக் குட்டி பிறப்பதும் இயல்பே.

நிறம் அழகுக்கு மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். உட்காதுக்கும் நிறமிச் செல்கள் தேவை. அதனால்தான் வெள்ளை ராஜபாளையம், டால்மேஷியன் குட்டிகளில் சில செவிடாகப் பிறக்கின்றன. ஊரிலிருந்து ராஜபாளையம் குட்டி கொண்டுவர நினைப்பவர்கள், ஆறு வாரம் ஆனபின், அது பார்க்காதபோது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியாது. அதற்கு மருத்துவப் பரிசோதனைதான் வழி.

நண்பர் கட்டங்களை நெடுநேரம் பார்த்தார். "அப்படியானால் என் நாயிடமும் குறை இருக்கிறதா?" என்றார். "குறையில்லை, நிறம்தான். பாதி உங்களுடையது, பாதி எங்களுடையது" என்றேன். மறுநாள் காலை இறங்கி வந்து, மஞ்சள் குட்டி ஒன்றையே கேட்டு வாங்கிப் போனார்.