கடன் தள்ளுபடியான பிறகு: கிறிஸ்துவத்தில் பாவமன்னிப்பும் விடுதலையும்

“செய்வதை எல்லாம் செய்துவிட்டு, ஆலயத்தில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?” பாவமன்னிப்பு என்றதும் பலர் கேட்கும் கேள்வி இது. ஞாயிறு தவறாமல் ஆலயம் செல்வோரிடமும் இந்தக் கேள்வி உண்டு. இன்னொரு பக்கம், “நான் செய்ததற்கு மன்னிப்பே கிடையாது” என்று ஆலய வாசலை மிதிக்காமல் ஒதுங்கி வாழ்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் கிறிஸ்துவம் தரும் பதில் ஒன்றுதான். மன்னிப்பு இலவசம், ஆனால் மன்னிக்கப்பட்டவரின் பயணம் அங்கேதான் தொடங்குகிறது.

கடன் என்னும் சொல்

இயேசு கற்றுக்கொடுத்த செபம் மத்தேயு நற்செய்தியில் உள்ளது. அதன் கிரேக்க மூலத்தில் பாவத்தைக் குறிக்க வரும் சொல்லின் பொருள் ‘கடன்’. புதிய ஏற்பாட்டில் மன்னிப்பைக் குறிக்கும் ‘அஃபெசிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு ‘விடுவித்தல்’ என்று பொருள். சிறைப்பட்டவர்களுக்குக் கிடைக்கும் விடுதலையையும் லூக்கா நற்செய்தி அதே சொல்லால்தான் குறிக்கிறது.

தோட்டப் பாட்டாளிகளின் வழித்தோன்றல்களுக்கு இந்த உவமை அந்நியமானதல்ல. தமிழகத்திலிருந்து மலாயா வந்த தொழிலாளர்களில் பலருக்குக் கப்பல் செலவே கடனாகத் தலையில் ஏறியது. கூலியில் பிடித்தம் போக மிஞ்சியதில்தான் குடும்பம் நடந்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதிக்கான சட்டம் வந்த பிறகு, முதலாளிமார் கட்டிய தொகையிலிருந்து பயணச் செலவு கொடுக்கப்பட்டது. அப்படி வந்தவர்கள் பயணக் கடன் இல்லாமல் கரையிறங்கினார்கள்.

உழைத்துத் தீர்க்க முடியாத கடனை இன்னொருவர் அடைத்தார் என்பதே கிறிஸ்துவ நம்பிக்கையின் மையம். சிலுவையில் இயேசு தம் உயிரைக் கொடுத்து மனிதரின் பாவக் கடனைத் தீர்த்தார் என்று கிறிஸ்துவர்கள் நம்புகிறார்கள். எனவே நோன்பு, காணிக்கை, தானம் எதுவும் மன்னிப்புக்கான விலை ஆகாது.

முதலில் மன்னிப்பு, பிறகு மாற்றம்

லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரம் சகேயு என்பவரைப் பற்றிக் கூறுகிறது. கத்தோலிக்க மொழிபெயர்ப்பில் இவர் பெயர் சக்கேயு. எரிகோ நகரில் வரி வசூலிப்போரின் தலைவர், பெரும் பணக்காரர், ஊரார் பாவி என்று ஒதுக்கியவர். இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறியவரைக் கீழே அழைத்து, அவர் வீட்டில் தங்கப்போவதாக இயேசு சொன்னார். ஊரார் முணுமுணுத்தார்கள்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். இயேசு அவரை ஏற்றுக்கொண்டபோது சகேயு எந்த வாக்குறுதியும் தந்திருக்கவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகுதான், சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவர் அறிவித்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து அவர் மன்னிப்பை வாங்கவில்லை. மன்னிப்புப் பெற்றதால் திருப்பிக் கொடுக்கும் மனம் வந்தது.

“இறைவன் மன்னிப்பார் என்பதற்காகப் பாவம் செய்துகொண்டே இருக்கலாமா” என்ற கேள்வியைப் பவுலும் எழுப்புகிறார். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் அதற்குக் கூடவே கூடாது என்று பதிலும் தருகிறார். பாவத்தை ஓர் எசமானாகக் காட்டி, விடுதலையானவன் பழைய எசமானிடம் ஏன் திரும்பிப் போகவேண்டும் என்பதே அவருடைய வாதம்.

நாற்பது ஆண்டுப் பயணம்

மன்னிப்பு ஒரு நாளில் கிடைத்தாலும், பழக்கத்திலிருந்து விடுதலை ஒரே நாளில் வருவதில்லை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் நியூட்டனின் வாழ்க்கை இதற்குச் சான்று. உலகெங்கும் பாடப்படும் ‘அமேசிங் கிரேஸ்’ பாடலை எழுதியவர் இவர்தான். 1725இல் பிறந்த இவர், 1748இல் கப்பல் புயலில் சிக்கியபோது கடவுளிடம் மன்றாடி உயிர் பிழைத்தார். ஆனால் அதன் பிறகும் ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குத் தலைவராக 1754 வரை இருந்தார். உடல்நலம் குன்றியதால்தான் கடல் தொழிலை விட்டார்.

1764இல் திருச்சபைக் குருவானார். தாம் செய்த அடிமை வணிகத்தின் கொடுமைகளை வெளிப்படையாக எழுதி, அதற்காக வெட்கப்படுவதாக ஒப்புக்கொண்டது 1788இல்தான். புயலுக்கும் அந்த எழுத்துக்கும் இடையே 40 ஆண்டுகள். அதன் பிறகு அடிமை வணிக ஒழிப்புப் போராட்டத்திற்குச் சாட்சியாக நின்றார். பிரிட்டனில் அந்த வணிகத்தைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறிய 1807ஆம் ஆண்டிலேயே காலமானார்.

சபைகளின் நடைமுறை

கத்தோலிக்கர்களுக்கு இது ஒப்புரவு அருட்சாதனம். தம்மை ஆராய்ந்து, மனம் வருந்தி, குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிட்டு, பாவமன்னிப்புப் பெற்று, அவர் சொல்லும் பரிகாரத்தைச் செய்கிறார்கள். கேட்டதைக் குருவானவர் யாரிடமும் வெளியிடக் கூடாது. மெதடிஸ்ட், லூதரன் போன்ற சபைகளில் ஆராதனையின்போது எல்லாரும் சேர்ந்து இறைவனிடம் பாவ அறிக்கை செய்வது வழக்கம். போதகரிடம் தனியாக மனம்விட்டுப் பேசவும் வழி உண்டு.

பரிகாரம் என்பது சில செபங்களைச் சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரைச் சீர்செய்ய வேண்டும் என்பதே கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. பிறர் கட்டிய கூட்டுப் பணத்தைச் செலவழித்தவர், இறைவனிடம் அழுது மன்னிப்புப் பெற்றாலும், மாதம் கொஞ்சமாகவாவது அந்தப் பணத்தைத் திருப்பித் தரவேண்டியவரே.

பாதிக்கப்பட்டவரின் பக்கம்

குடித்துவிட்டு மனைவியை அடித்தவர், “கடவுளே என்னை மன்னித்துவிட்டார், நீ ஏன் மன்னிக்கக் கூடாது?” என்று கேட்பது மனந்திரும்புதல் ஆகாது. மன்னிப்பைக் கேட்கலாம், உரிமையாகக் கோர முடியாது. ஒருவரை மன்னிப்பதும் அவரை மறுபடி நம்பி ஒரே வீட்டில் வாழ்வதும் வேறு வேறு. அடிபட்டவர் பாதுகாப்பான இடத்திற்குச் செல்வதோ போலீசில் புகார் செய்வதோ மன்னிக்க மறுப்பதாகாது. மனந்திரும்பியவர் தம் செயலின் விளைவுகளை ஏற்றுக்கொள்வார். சட்டத்திற்கும் பதில் சொல்வார்.

மன்னிப்புக்குத் தகுதி இல்லை என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கும் சகேயுவின் கதையில் பதில் இருக்கிறது. அவர் திருந்திய பிறகு இயேசுவிடம் வரவில்லை. அழைக்கப்பட்டபோது, இருந்தபடியே மரத்தைவிட்டு இறங்கி வந்தார்.