டர்போ பார்ட் மாற்றியதும் சிக்னலில் கார் நடுங்குதா? செலவு செய்வதற்கு முன் இதைப் பாருங்க!

ஞாயிற்றுக்கிழமை புது ‘ப்ளோ-ஆஃப் வால்வு’ மாட்டியாச்சு. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் ‘ப்ஷ்ஷ்’ என்று ஒரு சத்தம். மனசுக்கு அவ்வளவு சந்தோஷம். திங்கள் காலை தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் நிற்கும்போதுதான் கதை மாறுகிறது. ஆர்.பி.எம். முள் 600-க்கும் 1,000-க்கும் நடுவே ஆடுகிறது, ஸ்டீயரிங் அதிர்கிறது, கடைசியில் இன்ஜினே ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார்.

‘டர்போ போச்சோ?’ என்பதுதான் முதல் பயம். பெரும்பாலும் அது இல்லை. ஐட்லிங்கில் டர்போவுக்குக் கிட்டத்தட்ட வேலையே கிடையாது. பிரச்சினை பொதுவாக, புது பார்ட் மாட்டிய இடத்தில் உள்ளே நுழையும் காற்றில்தான் இருக்கும்.

ஐட்லிங்கில் என்ன நடக்கிறது?

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று தேவை. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று தெரிந்தால்தான் இ.சி.யூ. அதற்கேற்ப பெட்ரோலை விடும். சில கார்களில் ஏர் ஃபில்டரை ஒட்டியுள்ள ‘மாஃப்’ சென்சார் காற்றை அளக்கும். சில கார்களில் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள ‘மேப்’ சென்சார் அழுத்தத்தை அளந்து கணக்கு போடும்.

ஐட்லிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுப்பதால் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உருவாகும். எங்கே சின்ன இடைவெளி இருந்தாலும் அது வெளிக்காற்றை உறிஞ்சும். இந்தக் காற்று மாஃப் சென்சாரின் கணக்கில் வராது. அதனால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் ‘மிஸ்ஸிங்’ அடிக்கும். வேகமாகப் போகும்போது மொத்தக் காற்றோடு ஒப்பிட்டால் இந்தக் கசிவு ரொம்பச் சின்னது. அதனால்தான் வண்டலூர் வெளிவட்டச் சாலையில் சூப்பராக ஓடும் கார், சிக்னலில் நின்றால் நடுங்குகிறது.

ப்ளோ-ஆஃப் வால்வு மேல் ஏன் சந்தேகம்?

கம்பெனி வால்வு, மிச்சக் காற்றைத் திரும்ப டர்போவின் நுழைவாயிலுக்கே அனுப்பும். சத்தம் போடும் வகை, அதை வெளியே விட்டுவிடும். மாஃப் சென்சார் உள்ள காரில், ஏற்கெனவே அளந்த காற்று வெளியே போய்விட்டது என்பது இ.சி.யூ.வுக்குத் தெரியாது. அதற்கும் சேர்த்து பெட்ரோல் விடும். கியர் மாற்றும்போது கறுப்புப் புகையும் குலுக்கலும் வந்தால் இதுதான் காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று, வால்வின் ஸ்ப்ரிங். அது ரொம்ப மென்மையாக இருந்தால், ஐட்லிங் வெற்றிடமே வால்வை இழுத்துத் திறந்துவிடும். அந்த வழியாகவும் அளக்காத காற்று நுழையும். இதற்குத் தீர்வு: சரியான ஸ்ப்ரிங், அல்லது காற்றைத் திருப்பி அனுப்பும் வகை வால்வு.

நாமே என்ன பார்க்கலாம்?

1. இன்ஜின் ஆறிய பிறகு, கடைசியாகக் கை வைத்த இடத்தைப் பாருங்கள். கிளாம்ப் தளர்வா, சின்ன வேக்குவம் ஹோஸில் விரிசலா, டி-ஜாயின்ட் கழன்றிருக்கிறதா?

2. பிரேக் பெடல் கல் மாதிரி இருந்தால், வண்டியை எடுக்கவே வேண்டாம். பல பெட்ரோல் கார்களில் பிரேக் பூஸ்டருக்கும் இதே மேனிஃபோல்டில் இருந்துதான் வேக்குவம் போகிறது.

3. சென்சார் பிளக் ‘க்ளிக்’ என்று லாக் ஆகியிருக்கிறதா? எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் மாட்டியிருந்தால், எண்ணெய் மாஃப் சென்சாரில் படிந்திருக்கலாம். அதற்கென உள்ள ஸ்ப்ரேயால் மட்டுமே சுத்தம் செய்யுங்கள்.

4. ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனரை மாட்டி, மொபைல் ஆப்பில் ‘ஃப்யூவல் ட்ரிம்’ பாருங்கள். ஐட்லிங்கில் பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டி, 2,500 ஆர்.பி.எம்.-இல் பூஜ்யத்தை நெருங்கினால் வேக்குவம் கசிவுதான் முதல் சந்தேகம். P0171 கோடும் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை என்றே சொல்கிறது.

5. பழைய பார்ட்டையே திரும்ப மாட்டிப் பாருங்கள். நடுக்கம் நின்றால் குறை புது பார்ட்டிலோ, அதை மாட்டிய விதத்திலோ இருக்கிறது. நிற்கவில்லை என்றால் ஸ்பார்க் ப்ளக், காயில் பக்கம் போகலாம். பூஸ்ட் ஏற்றும்போது ப்ளக் இடைவெளியை அளவுக்கு மீறிக் குறைத்திருந்தாலும் ஐட்லிங் கெடும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: சூடான இன்ஜின் மேல் கார்புரேட்டர் க்ளீனர் அடித்துக் கசிவு தேடுவது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

மெக்கானிக்கிடம் என்ன கேட்பது?

“ஸ்மோக் டெஸ்ட் பண்ண முடியுமா அண்ணா?” என்று கேளுங்கள். குழாய்களுக்குள் புகையைச் செலுத்தினால், கசியும் இடத்தில் அது வெளியே வந்து காட்டிக்கொடுத்துவிடும். அதைச் செய்யாமலே ‘இன்ஜெக்டர் மாத்தணும்’, ‘ரீமேப் பண்ணா சரியாயிடும்’ என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். ஓட்டையை அடைக்காமல் ரீமேப் செய்வது, காய்ச்சல் இருக்கும்போது தெர்மாமீட்டரை மாற்றுவது போலத்தான்.

அப்புறம் பார்த்துக்கலாமா?

கூடாது. செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போகிறது என்று அர்த்தம். அது அளவு மீறிச் சூடாகி உள்ளே உருகினால், வால்வு விலையைப் போல பல மடங்கு செலவு.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். அனுமதி இல்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவின்படி மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வாரன்டி இருக்கும் காராக இருந்தால், மாட்டுவதற்கு முன்பே நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

அதனால், கழற்றிய கம்பெனி பார்ட்டைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு கவரில் சுற்றிப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு நடுக்கம் வந்தால், உங்களிடம் இருக்கும் மலிவான சோதனைக் கருவி அதுதான்.