வெள்ளை படுவதை வைத்துப் பிள்ளை தங்கியதை அறியலாமா?

ஷஃபான் முடியப் போகிறது. கடந்த ரமழானில் விடுபட்ட நோன்புகளைப் பிறகு பிடித்துக் கழாச் செய்ய மிச்சமிருப்பது சில நாட்களே. இந்தக் கிழமை கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கமிருந்து வந்த கடிதங்கள் ஒரே கேள்வியைச் சுற்றுகின்றன: வழமையைவிட வெள்ளை கூடப் படுகிறது, பிள்ளை தங்கிவிட்டதா? தங்கியிருந்தால் கழாவைப் பிடிப்பதா, விடுவதா?

வெள்ளையை வைத்து அதைச் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளையாக வெளிப்படும், கருப்பை வாயில் ஊறும் சளி மாதம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. முட்டை வெளியாகும் நாள் நெருங்க ஈஸ்ட்ரஜன் உயரும். சளி நீர்த்து, பச்சை முட்டையின் வெண்கரு போலத் தெளியும். இரு விரலுக்கு நடுவே வைத்து இழுத்தால் அறுபடாமல் நூலாக நீளும். முட்டை வெளியானதும், அது இருந்த இடத்திலேயே மஞ்சள் நிறச் சிறு சுரப்பி ஒன்று உருவாகிப் புரொஜெஸ்டிரோனைச் சுரக்கும். சளி தடித்துப் பசையாகி, விந்தணுவின் வழியை அடைத்துவிடும்.

குழப்பத்தின் வேர் இந்தச் சுரப்பிதான். கரு உண்டானதா இல்லையா என்று பார்த்து அது வேலை தொடங்குவதில்லை. எப்படியும் ஏறத்தாழ இரண்டு வாரம் சுரக்கும். கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதோ, முட்டை வெளியாகிப் பெரும்பாலும் 8 முதல் 10 நாட்களில். பதிந்த பிறகே எச்.சி.ஜி. ஹார்மோன் இரத்தத்திலும் சிறுநீரிலும் ஏறும். அதுவரை பிள்ளை தங்கிய உடம்பும் தங்காத உடம்பும் ஒரே ஹார்மோனின் பிடியில் இருக்கின்றன. வெள்ளை, மார்பு நோவு, அசதி, வயிற்று உப்பல் எல்லாம் இரண்டுக்கும் பொது. கர்ப்பத்தில் வெள்ளை கூடுவது உண்மைதான். ஆனால் கூடியதெல்லாம் கர்ப்பமில்லை.

மருத்துவர்களும் இதே சளியில் கர்ப்பத்தைத் தேடியிருக்கிறார்கள். முட்டை வெளியாகும் நாட்களின் சளியைக் கண்ணாடித் தகட்டில் உலர்த்தி நுண்ணோக்கியில் பார்த்தால், அதிலுள்ள உப்பு பன்னத்தின் இலை வடிவில் படிந்திருக்கும். 1946இல் இதை விவரித்தவர் பாப்பனிக்கோலா; கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்த அதே மருத்துவர். கர்ப்பிணியின் சளியில் அந்த இலை படிவதில்லை என்பதால் அதையே கர்ப்பப் பரிசோதனையாகவும் பயன்படுத்தினார்கள். ஆனால் கர்ப்பமில்லாதவளுக்கும் மாதத்தின் பிற்பாதியில் இலை படிவதில்லை.

பிள்ளை தங்கியதைக் காட்டாவிட்டாலும், தங்கக்கூடிய நாட்களை இந்தச் சளி நன்றாகவே காட்டும். உலக சுகாதார நிறுவனம் பெங்களூர், மணிலா உட்பட ஐந்து இடங்களில் 869 பெண்களிடம் நடத்தி 1981இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற முதல் சுற்றிலேயே 93 சதவீதத்தினர் தம் சளியின் மாற்றத்தைத் தெளிவாகக் குறித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அவர்களில் உண்டு. பிள்ளைக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது பெறுமதியான அறிவு. கருத்தடைக்கு இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். விதி பிசகியதால் கருத்தரித்தவர்கள் அந்த ஆய்விலேயே பலர்.

துண்டுப்பிரசுரங்கள் இயல்பான வெள்ளையை ‘நிறமற்றது, மணமற்றது’ என்கின்றன. அதை நம்பிய ஒரு தலைமுறையே தனக்கு நோய் என்று பயந்திருக்கிறது. இயல்பான வெள்ளைக்கு இலேசான புளித்த வாடை உண்டு, துணியில் காய்ந்தால் மஞ்சளாகத் தெரியும். அதேபோல, பாமசியில் விற்கும் கர்ப்பப் பரிசோதனை ஸ்ட்ரிப் பெட்டியின் ‘99 சதவீதம்’ ஆய்வுகூடக் கணக்கு; அதுவும் மாதவிடாய் வரவேண்டிய நாளிலிருந்துதான். முந்திப் பார்த்து வரும் ஒற்றைக் கோட்டுக்குப் பொருளில்லை.

சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது? மிட்வைஃப் வீடு தேடி வருவது இலங்கையின் பெருமை என்கிறார்கள், உண்மை. ஆனால் அவருடைய பதிவேடு குடும்பமான பெண்ணிலிருந்து தொடங்குகிறது. சுகவனிதையர் கிளினிக் 35 வயதானவர்களை நோக்கியது. மணமாகாத 19 வயதுப் பிள்ளை அரிப்போடு எங்கே போவாள்? பாமசியில் கூச்சத்தோடு கேட்டு வாங்கும் கிரீமோடு அவள் வைத்தியம் முடிந்துவிடுகிறது. கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு அவளும் போகலாம். தாய்மார் கூட்டிப்போக வேண்டும்.

மற்றக் கேள்விகள்:

வெள்ளை படும்போது நோன்பு பிடிக்கலாமா? பிடிக்கலாம், தெளிந்த வெள்ளை ஹைழ் (மாதவிடாய்) அல்ல. மஞ்சள், பழுப்பு கலந்தால் அது பற்றியும், வுழூ (தொழுகைக்கான கழுவுதல்) பற்றியும் ஆலிமிடம் கேளுங்கள்.

எது நோய்? தயிர்க்கட்டி போல வந்து அரித்தால், மீன்வாடை அடித்தால், பச்சை மஞ்சளாக நுரைத்தால்.

சவர்க்காரம் போட்டு உள்ளே கழுவலாமா? கூடாது, காக்கும் கிருமிகளையும் அது கொன்றுவிடும்.

கர்ப்பம் உறுதியானபின் அரிப்பு வந்தால்? டாக்டரிடம் கேட்காமல் மாத்திரை விழுங்காதீர்கள்.

மாதவிடாய் தள்ளிப்போய், அடிவயிற்றில் ஒரு பக்கம் நோவும் இரத்தக் கசிவும் இருந்தால்? இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஸ்ட்ரிப் என்ன காட்டினாலும்.