தேர்வில் வென்ற கரும்பு

கடலூர் மாவட்டம் கரும்புக்குப் பெயர்பெற்றது. கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையம் வழங்கிய ‘கோ.க. 671’ என்னும் இரகத்தின் பெயரில் ‘கோ’ கோயம்புத்தூரையும் ‘க’ கடலூரையும் குறிக்கும். இத்தகைய ஓர் இரகம் உழவரைச் சென்றடையுமுன் ஏராளமான புதிய வகைகள் சோதிக்கப்பட்டுக் கழிக்கப்படுகின்றன. பலவற்றை ஒருங்கே சோதிக்கும்போது எழும் பிழையை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 200 புதிய வகைகளைப் பழைய இரகம் ஒன்றோடு ஒப்பிடுவதாகக் கொள்வோம். அவற்றுள் 20 மட்டுமே உண்மையில் மேம்பட்டவை. ஏனைய 180 பழையதற்கு நிகரானவை. நிகரான ஒன்றை மேம்பட்டதெனத் தவறாகக் கொள்ளும் வாய்ப்பு 5 விழுக்காடு என்க. வளமான பாத்தியில் நடப்பட்டதனாலேயே ஒரு வகை சிறந்ததாகத் தோன்றலாம் அன்றோ? அவ்வாறு 180இல் சராசரியாக 9 வகைகள் வென்றுவிடும். மேம்பட்ட 20இல் 80 விழுக்காட்டைச் சோதனை கண்டறியுமாயின் 16 வெல்லும். ஆக, வென்றவை 25. அவற்றுள் 9, அதாவது 36 விழுக்காடு, பொய்க் கண்டுபிடிப்புகள். பிழை 5 விழுக்காடே என்று எண்ணியிருந்தோர் இங்கு ஏமாறுவர்.

நம்பிக்கை இடைவெளிக்கும் இது பொருந்தும். ‘கூடுதல் விளைச்சல் குறைந்தது இவ்வளவு’ என 95 விழுக்காட்டு நம்பிக்கையுடன் ஒவ்வொரு வகைக்கும் எல்லை வகுக்கிறோம். அவ்வெல்லை சுழியைத் தாண்டியவற்றையே வென்றவை என்கிறோம். 200 வகைகளையும் சேர்த்து நோக்கின் அந்நம்பிக்கை சரியே. ஆனால், வென்ற 25ஐ மட்டும் நோக்கின், 9 வகைகளின் எல்லை உறுதியாகத் தவறு. எஞ்சிய 16உம் சரியாயினும் நம்பிக்கை 64 விழுக்காட்டைத் தாண்டாது.

உண்மையில் மேம்பட்டவை எத்தனை என்பதை ஆய்வாளர் முன்கூட்டி அறியார். எனினும், எல்லாமே நிகரானவை எனக் கொண்டாலும் 200இல் 5 விழுக்காடாகிய 10 வகைகள் தற்செயலாக வெல்லும். வென்றவை 25 என்பதால் பொய்யின் பங்கு ஏறத்தாழ 40 விழுக்காடு வரை இருக்கலாம் என மதிப்பிடலாம். இப்பங்கைக் கட்டுக்குள் வைக்கும் முறையைப் பெஞ்சமினி, ஹோக்பெர்க் ஆகியோர் 1995இல் வகுத்தனர். பல இடைவெளிகளை ஒருங்கே மதிப்பிடுவது குறித்து இந்தியப் புள்ளியியலாளர்களான எஸ்.என். ராய், ஆர்.சி. போஸ் ஆகியோர் 1953இலேயே ஆராய்ந்துள்ளனர்.

எளிய வழி மறுசோதனையே. கடலூரில் வென்ற 25 வகைகளைச் சிதம்பரம் பகுதி வயல்களில் அதே அளவுகோலால் மீண்டும் சோதித்தால், பொய்யான 9இல் சராசரியாக ஒன்றுகூட மிஞ்சாது. மெய்யான 16இல் ஏறத்தாழ 13 நிலைக்கும். விளைச்சலின் எல்லையையும் இப்புதிய அளவீடுகளைக் கொண்டே அந்த 25 வகைகளுக்கும் வகுத்தல் வேண்டும்.

கரும்பு நட்ட உழவர் ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்கிறார். மறுதாம்புக்கும் அதே கட்டையையே நம்பியிருக்கிறார். ஆய்வுத் தாளில் நேரும் பிழை அவர் வயலில் இழப்பாக விளையும். ஆதலின், ‘எது வென்றது?’ என்று கேட்குமுன் ‘எத்தனையுள் வென்றது?’ என்று கேட்பதே அறிவுடைமை.